பழைய ரயில்பாதைக்குக் குறைந்த காசில் பராமரிப்புத் திட்டம் போடுவது எப்படி

ரயில்பாதைப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் மதிப்பீடு போடும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த ஆண்டுக்குரிய திட்டத்தை எழுதித் தாருங்கள் என்று மேலிடம் கேட்கும். வரப்போகும் காசு தேவையில் பாதிக்கும் காணாது. பாதையோ நல்ல வயதான பாதை. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் போனது 1864 டிசம்பரில். கடுகண்ணாவை ஏற்றம் ஏறிக் கண்டியைத் தொட்டது 1867இல், பதுளையை எட்டியது 1924இல். தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் குறுக்குக் கட்டையையும் எத்தனையோ தடவை மாற்றிவிட்டோம். அடியில் கிடக்கும் மண்மேடும் மதகும் பல இடங்களில் அந்தக் காலத்தவைதான். இன்றைய ரயிலின் சுமையையும் அவையே தாங்குகின்றன.

நான் வேலை செய்த காலம் முழுக்க மதிப்பீட்டுப் பக்கம் இருந்தவள். இப்போது ஓய்வு. வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில். காலைக் கோச்சி போகிற சத்தத்தைக் கேட்டே எந்தத் தண்டவாள மூட்டு தளர்ந்திருக்கிறது என்று இன்னமும் மனம் கணக்குப் போடும். அத்தனை காலம் தாளும் பென்சிலுமாய் இருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். எது பார்க்க மோசமாக இருக்கிறதோ அதற்குக் காசு ஒதுக்குவது வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, எதைத் தள்ளிப்போட்டால் செலவு வேகமாக ஏறுமோ அதற்கு முதலில் ஒதுக்குங்கள். கீழே இருப்பதெல்லாம் அதைச் செய்யும் வழி.

முதலில் பட்டியல்

உங்கள் பகுதியில் என்னென்ன இருக்கிறது என்று உங்கள் கையால் எழுதிய பட்டியல் இல்லாமல் திட்டம் போடாதீர்கள். எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல் வரை எந்த எடைத் தண்டவாளம், எந்த ஆண்டு போட்டது, மரக்கட்டையா கொங்கிரீட்டா, மூட்டு வைத்ததா வெல்டிங் செய்ததா, வளைவு எவ்வளவு இறுக்கம், மதகு எங்கே, பாலம் எங்கே, ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட் எங்கே. இவ்வளவும் ஒரு எக்செல் தாளுக்குள் அடங்கும். பெரிய மென்பொருள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கந்தோரில் இருக்கும் பழைய பட்டியலை நம்பி அப்படியே எடுக்கவும் வேண்டாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாதையில் நடந்து, பொருந்தாததைச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். கட்டாயம் கங்காணியைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கட்டைக்கு அடியில் எத்தனை தடவை கல் இடித்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. அவர் சிங்களத்தில் சொன்னால் சிங்களத்திலும் தமிழில் சொன்னால் தமிழிலும் எழுதிவையுங்கள். பிறகு வருகிறவருக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நினைவு விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை. அயர்லாந்தில் டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் என்ற இடத்தில் கடற்கழி ஒன்றின் மேல் ரயில் பாலம் இருக்கிறது. 2009 ஓகஸ்ட் 21ஆம் திகதி அதன் தூண் ஒன்று, அடிமண்ணைத் தண்ணீர் அரித்ததால் சரிந்து விழுந்தது. நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பெல்ஃபாஸ்ட் போகும் பாதை நவம்பர் வரை மூடிக் கிடந்தது. விசாரணையில் தெரியவந்த விஷயந்தான் என்னை உலுக்கியது. அந்தத் தூண்களைச் சுற்றி அவ்வப்போது கல் கொட்டிக் காப்பாற்றும் வழக்கம் முன்பு இருந்திருக்கிறது. ஆட்கள் ஓய்வுபெற்றுப் போக, ஏன் கொட்டினார்கள் என்ற அறிவும் அவர்களோடு போய்விட்டது. உங்கள் பட்டியலில் ‘இதை ஏன் செய்கிறோம்’ என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

மழை பெய்யும்போது நடங்கள்

வெயில் நாளில் பாதை எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். உண்மை தெரிய வேண்டுமென்றால் குடையோடு போங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மதகின் வாய் அடைபட்டிருக்கிறது, ரயில் போகும்போது எந்தக் கட்டைக்கு அடியிலிருந்து சேறு பொங்குகிறது என்று பார்த்துப் படம் எடுங்கள்.

பழைய பாதையில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி தண்ணீரில்தான் தொடங்குகிறது. கட்டைக்கு அடியில் இருக்கும் சல்லிக்கல்லுக்கு இரண்டு வேலை: ரயிலின் பாரத்தைப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பது, மழைத்தண்ணீரை வடிய விடுவது. கல்லுக்கு இடையே மண்ணும் தூளும் குப்பையும் ஏறிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீர் அடிமண்ணை இளக்கும். ரயில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேறு மேலே உறிஞ்சப்படும். அப்புறம் கட்டை ஆடும், ஆடும் கட்டையில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் தளரும், மூட்டில் போல்ட் கழலும், தண்டவாள நுனி அடிபட்டுத் தட்டையாகும். ஒரு கான் அடைபட்டதற்கு விலையாக ஒரு நாள் தண்டவாளமே மாற்ற வேண்டி வரும்.

வெள்ளவத்தையையே பாருங்கள். நகரத்தின் மழைத்தண்ணீர் காலி வீதியைக் கடந்து, ஒழுங்கைகள் வழியாக மரைன் டிரைவுக்கு வந்து, ரயில்பாதைக்கு அடியில் நுழைந்துதான் கடலில் விழ வேண்டும். வேறு வழி இல்லை. ஒரு பக்கம் நகரம் தண்ணீரைத் தள்ளுகிறது, மறுபக்கம் கடல் அலை மதகு வாயில் மணலைத் தள்ளுகிறது, நடுவில் பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலும். பாதைக்குக் கீழே இருக்கும் துண்டு மட்டுமே ரயில்வேக்குச் சொந்தம். மேல்துண்டு மாநகர சபைக்கோ வீதிக்கோ உரியது. ஆகவே உங்கள் திட்டத்தில் ‘கான் துப்புரவு’ என்று ஒரு வரி போட்டால் காணாது. எந்த மதகுக்கு யாரோடு, எந்த மாதத்தில், சேர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். நீங்கள் உங்கள் பங்கைத் துப்புரவாக்கிய மறுவாரமே மேலிருந்து குப்பை இறங்கினால் அந்தக் காசு கடலோடு போயிற்று.

களனிவெளிப் பாதையில் கதை வேறு. நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகமப் பக்கங்களில் வீட்டு மதில்கள் பாதைக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டன. பக்கக் கான் இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒருவரின் சமையலறைச் சுவர். அங்கே கானைத் தோண்டுவது பற்றிப் பேசுவதற்கு முன்பே நில அளவை வரைபடமும் பிரதேச செயலகத்தோடு கடிதமும் தேவைப்படும். அதற்கு எடுக்கும் காலத்தையும் திட்டத்தில் காட்டுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டுப் பாதையை எப்படி அறுத்துப் போட்டது என்று எல்லோரும் கண்டோம். அந்த அளவு மழையைத் தடுக்க எந்தக் கானாலும் முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே சரிகிற சரிவுகள் எவை என்பது முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயம். சரிவின் மேல்முகட்டில் ஓடும் வெட்டுக்கானைக் கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். வெடித்த கானிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் சரிவின் வயிறு ஊதத் தொடங்கும், மரங்கள் சாய்ந்து நிற்கும். இந்த இரண்டையும் கண்டால் அந்த இடத்தைப் பட்டியலின் மேலே ஏற்றுங்கள்.

எல்லாப் பாதையும் ஒரே தரம் அல்ல

கோட்டைக்கும் மருதானைக்கும் நடுவில் இருக்கும் துண்டு பழுதானால் நாடே நிற்கும். கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷனில் இருக்கும் ஒதுக்குப் பாதை பழுதானால் ஒரு வண்டி காத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே தரத்தில் கல்லும் கட்டையும் கேட்டால் நிதிக்காரர்கள் உங்கள் திட்டத்தை ஒரேயடியாக வெட்டுவார்கள். அது நியாயமும்கூட. ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எவ்வளவு பாரம், எந்த வேகம் என்று பார்த்து மூன்று தரமாகப் பிரித்துவிடுங்கள். அதற்கு மேல் நுணுக்கமாகப் பிரிப்பதால் பெரிய பயன் கிடையாது.

பிரித்த பிறகு ஒரு வசதி கிடைக்கும். முதல் தரப் பாதையிலிருந்து கழற்றும் தண்டவாளத்தை உடனே பழைய இரும்பாக விற்காதீர்கள். உள்வெடிப்பு இல்லையென்று மீயொலிக் கருவியால் சோதித்து, நுனியில் அடிபட்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டால் மூன்றாம் தரப் பாதையில் அது இன்னும் நெடுநாள் உழைக்கும். தண்டவாளத்தை நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குகிறோம். ஒரு மீட்டரை இரண்டு தடவை பயன்படுத்துவது பெரிய மிச்சம்.

தள்ளிப்போட்டால் என்ன விலை?

இதுதான் திட்டத்தின் இதயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: ஓர் ஆண்டு பொறுத்தால் என்ன ஆகும்? பதில்கள் நான்கு வகையாக விழும்.

சில குறைகள் ஒரு நாள் திடீரென்று ஆளைக் கொல்லும். தண்டவாள வெடிப்பு, பாலத் தூணின் அடியில் மண்ணரிப்பு, பாயின்டின் நாக்குத் தண்டவாளம் சரியாகப் பொருந்தாமை, இவை அந்த வகை. இவற்றுக்கு ‘செலவுக்கேற்ற’ என்ற பேச்சே கிடையாது. சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், அதுவும் முடியாவிட்டால் மூடுங்கள். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டில் 2000 ஒக்டோபர் 17ஆம் திகதி தண்டவாளம் ஒன்று முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறி ரயில் தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளத்தில் வெடிப்பு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. மாற்றுவதற்கான புதுத் தண்டவாளம்கூடப் பாதையோரம் வந்து கிடந்தது. போடத்தான் இல்லை. அதன் பிறகு நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். பாதைக்குச் சொந்தமான ரயில்டிராக் நிறுவனம் அடுத்த ஆண்டே நிர்வாகப் பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. அறிந்த குறையைத் தள்ளிப்போட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இரண்டாவது வகை, பொறுக்கப் பொறுக்கச் செலவு பல மடங்கு ஏறுபவை. அடைபட்ட கான், தளர்ந்த கிளிப், கழன்ற மூட்டு போல்ட், உரிந்த பாலப் பெயின்ட். இவற்றைச் சரிசெய்ய அதிகம் தேவைப்படுவது ஆள்கூலிதான், பொருட்செலவு கொஞ்சம். காசு குறைந்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் இவைதான். என் அனுபவத்தில் பழைய பாதைகளைக் கெடுத்தது பெரிய வேலைகளுக்குக் காசு இல்லாமை அல்ல. இந்தச் சிறு வேலைகளுக்கு ஆள் இல்லாமைதான். பாதை வேலையாட்களின் கேங்கில் ஆள் குறைந்தால் அதை ஆளணிப் பிரச்சினை என்று விட்டுவிடாமல் செலவுப் பிரச்சினையாக எழுதிக் காட்டுங்கள்.

மூன்றாவது, மெல்ல மெல்லத் தேய்பவை. நேர்ப்பாதையில் தண்டவாளத் தலை தேய்வது, நல்ல கொங்கிரீட் கட்டை பழசாவது போன்றவை. அளந்து வைத்தால் எந்த ஆண்டில் மாற்ற வேண்டி வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அவசரம் இல்லை. நான்காவது வகை பார்வைக்கு மட்டும் அசிங்கமானது: பிளாட்பாரத்தின் பெயின்ட், வேலி. பயணிகள் முறைப்பாடு அதிகம் வருவது இதைப் பற்றித்தான், அதனாலேயே காசும் அங்கே ஓடும். ஓடவிடாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நான் வைத்தவை, உங்கள் பகுதியின் விலையைப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் நீளத்துக்குச் சேறு பொங்குகிறது. ஒரு வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதையைத் தூக்கிக் கல் இடித்து லெவலுக்குக் கொண்டுவருவது. தடவைக்கு 2 லட்சம், ஆண்டுக்கு 8 லட்சம். மற்ற வழி, பக்கக் கானை வெட்ட 6 லட்சம், கெட்ட கல்லை அள்ளிப் புதுக்கல் போட 15 லட்சம், ஒரு தடவை இடிக்க 2 லட்சம். முதலாண்டு 23 லட்சம், பிறகு ஆண்டுக்கு 2 லட்சம். மூன்றாண்டு முடிவில் முதல் வழிக்கு 24, இரண்டாவது வழிக்கு 27. நான்காம் ஆண்டில் 32க்கு 29. ஐந்தாம் ஆண்டில் 40க்கு 31. அப்போதும் முதல் வழியில் சேறு சேறாகவே கிடக்கும்.

வட்டியையும் கணக்கில் எடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் செலவழிப்பதாக வைத்து, பின்னாண்டுச் செலவுகளை 12 வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்த்தால் ஐந்தாண்டுக்கு முதல் வழி ஏறக்குறைய 32 லட்சம், இரண்டாவது 29. வட்டி 20 வீதமானால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். வட்டி உயர உயர ஒட்டுப்போடும் வழிதான் மலிவு என்று தாள் சொல்லத் தொடங்கும். அதனால் எந்த வட்டியை வைத்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வேகக் கட்டுப்பாட்டின் செலவையும் சேர்த்துவிடுங்கள்.

அந்தச் செலவை நம்மில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 60 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு நிமிடம். 20ஆகக் குறைத்தால் மூன்று நிமிடம். பிரேக் போட்டு மறுபடி வேகமெடுக்கும் நேரமும் டீசலும் தனி. நாளைக்கு 40 ரயில், ஒன்றில் 800 பேர் என்று வைத்தால், இரண்டு நிமிட இழப்பு மட்டுமே ஒரு நாளில் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் மனிதரின் நேரத்தைத் தின்கிறது. பாணந்துறையிலிருந்து வேலைக்கு வந்து பிந்திக் கையெழுத்துப் போட்டு அரைநாள் லீவை இழக்கிறவர்களின் நேரம் அது. தற்காலிகக் கட்டுப்பாடு என்று போட்ட பலகை துருப்பிடிக்கும் வரை நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு பலகைக்கும் எடுக்கப்போகும் திகதி இருக்க வேண்டும்.

வேலைகளின் வரிசை

தண்ணீர், கல், கட்டை, கிளிப், மூட்டு, கடைசியாக டாம்பிங், அதாவது கட்டைக்கு அடியில் மெஷினால் கல்லை இடித்து இறுக்குவது. இந்த வரிசை மாறினால் காசு வீண். டாம்பிங் மெஷின் வருகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் அதை உடனே ஓடவிடப் பார்ப்பார்கள். மெஷினின் இரும்பு விரல்கள் கல்லுக்குள் இறங்கி அதிர்ந்து நெருக்கும்போது கல்லின் முனைகள் உடையும். உடைந்த தூள் அடியில் சேர்ந்து தண்ணீரை மறிக்கும். ஆகவே கெட்ட கல்லில், ஆடும் கட்டையில் டாம்பிங் செய்வது ஓரிரு வாரத்துக்குப் பாதையை அழகாகக் காட்டிவிட்டு அடுத்த கெடுதலை விதைக்கும். மெஷின் வருவதற்கு முன் அந்தத் துண்டில் என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாள் தயாரியுங்கள். அவை முடியாத துண்டைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

கட்டைகளைப் பொறுத்தவரை, பத்தில் மூன்று கெட்டிருக்கின்றன என்ற எண்ணிக்கை தனியாக ஒன்றும் சொல்லாது. அந்த மூன்றும் அங்குமிங்குமாக இருந்தால் பொறுக்கலாம். அடுத்தடுத்து இருந்தால், அதுவும் வளைவில் அல்லது மூட்டுக்கு அடியில் இருந்தால், கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம், விரிந்து சக்கரம் உள்ளே விழும். முழுத் துண்டையும் மாற்றக் காசு இல்லாத ஆண்டில், அடுத்தடுத்துக் கெட்டவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றை மாற்றிக் கொத்துகளை உடையுங்கள். மரமும் கொங்கிரீட்டும் மாறிமாறிக் கலந்து போடாதீர்கள். இரண்டின் விறைப்பும் வேறு. கொங்கிரீட் பாரத்தை இழுத்துக்கொண்டு வெடிக்கும்.

வெப்பத்தை மறக்க வேண்டாம். கொழும்பில் காற்றின் வெப்பம் 32 பாகை இருக்கும் நாளில் வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 50ஐத் தாண்டும். 13 மீட்டர் தண்டவாளம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 4.7 மி.மீ. நீளும். மூட்டில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளியும். ஆகவே இடைவெளிகளை அளந்து சரிசெய்வதும் மூட்டுக்குக் கிரீஸ் போடுவதும் பெப்ரவரி முடிவதற்குள் நடக்க வேண்டிய வேலை. பக்கக் கல் குறைந்த இடத்தில் கடும் வெயில் நேரத்தில் பாதையைத் தூக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கல்லின் பிடி விட்டுப்போன பாதைதான் நெளியும்.

கரையோரப் பாதையில் உப்புக்காற்று தனி எதிரி. கிளிப்பும் போல்ட்டும் தண்டவாளத்தின் அடிப்பாகமும் அரிக்கப்படும். தலை நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், குனிந்து அடியைப் பாருங்கள். அங்கே ஆயுளைத் தீர்மானிப்பது தேய்மானத்தை விடத் துருதான். மலைப்பாதையில் நேர்மாறு. 1க்கு 44 என்ற ஏற்றமும் நூறு மீட்டர் ஆரைக்கு நெருங்கிய வளைவுகளும் இருப்பதால் வெளித் தண்டவாளத்தின் உள்பக்கம் சீவப்படும். அங்கே வளைவுகளுக்கு எண்ணெய் போடுவது மிக மலிவான வேலை, மிக நல்ல பலன் தருவது. களனிவெளிப் பாதையின் பல வளைவுகளும் இப்படித்தான். 762 மி.மீ. குறுகிய பாதையாக இருந்த காலத்து வளைவுகளில் இன்று அகலப்பாதை ரயில் திரும்புகிறது.

பாலங்களைப் பற்றிச் சுருக்கமாக. மேலே நின்று பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். கீழே இறங்குங்கள். தூணைச் சுற்றி ஆற்றின் ஆழத்தை மழைக்கு முன்னும் பின்னும் கயிறும் குண்டும் கட்டி அளந்து எழுதுங்கள். பாலத்தைத் தூணின் மேல் தாங்கும் பேரிங் அசைகிறதா, ரிவெட்டுத் தலையைச் சுற்றித் துருக்கோடு வழிகிறதா, தண்ணீர் தேங்கும் மூலை எது என்று பாருங்கள். பெயின்டை முழுப் பாலத்துக்கும் அடிக்கக் காசு இல்லாவிட்டால், தண்ணீரும் பறவை எச்சமும் சேரும் மூட்டுகளுக்கும் பேரிங் பக்கத்துக்கும் மட்டுமாவது நன்றாகச் சுரண்டி அடியுங்கள். துருவின் மேல் அடித்த பெயின்ட் பெயின்டே இல்லை.

நாட்காட்டியும் பாதை மறிப்பும்

தென்மேல் பருவமழை மேயில் தொடங்கிக் கொழும்பையும் கரையோரத்தையும் அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நமக்குக் கிடைக்கும் நல்ல இடைவெளி. கல் மாற்றும் வேலையை அதற்குள் வையுங்கள். கான், மதகு துப்புரவு ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஏப்ரல் புத்தாண்டுக் கிழமையில் ஊருக்குப் போகிற கூட்டம் இருப்பதால் பாதையை மறிக்க முடியாது. கேங்கிலும் ஆட்கள் லீவில் போவார்கள்.

ரயிலை நிறுத்திப் பாதையைக் கையில் எடுக்கும் நேரம்தான் உங்களிடம் இருக்கும் விலை உயர்ந்த பொருள். அலுவலக நேரத்தில் கோட்டைப் பக்கம் ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காது. ஞாயிறும் போயா நாளும் இரவும்தான். ஒரே துண்டில் கட்டைக்காரர் ஒரு ஞாயிறு, வெல்டிங்காரர் இன்னொரு ஞாயிறு, சிக்னல்காரர் அடுத்த மாதம் என்று தனித்தனியாக மறிப்புக் கேட்பதை நிறுத்துங்கள். சிக்னல், பாலம், பாதை மூன்று பிரிவினரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு மறிப்புக்குள் எல்லாரும் செய்யக்கூடியதை அடுக்குங்கள். கல்லும் கட்டையும் முந்திய நாளே பக்கத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். பாதையை மறித்துவிட்டு லொறிக்காகக் காத்திருக்கும் அரை மணித்தியாலத்தில் எத்தனை கட்டை மாற்றியிருக்கலாம்.

காசை இரண்டு சட்டைப்பையில் போடுங்கள்

2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் எல்லோரும் கற்றது இது. மதிப்பீட்டை ரூபாயில் முடியும் வேலை, டொலர் தேவைப்படும் வேலை என்று இரண்டு நிரலாகப் பிரியுங்கள். கல், கூலி, கான், கொங்கிரீட்டு வேலை, பெயின்ட் அடிக்கும் கூலி எல்லாம் ரூபாய். தண்டவாளம், மெஷின் உதிரிப்பாகம், சிக்னல் கருவி எல்லாம் டொலர். டொலர் நிரல் நின்றுபோனாலும் ரூபாய் நிரல் தனியாக ஓடக்கூடியதாக வேலைகளை அமையுங்கள். முன்பு சொன்ன இரண்டாவது வகைச் சிறு வேலைகள் அநேகமாக எல்லாம் ரூபாய் நிரலில்தான் விழும் என்பதைப் பார்ப்பீர்கள். காசு இறுகிய ஆண்டிலும் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மேலிடத்துக்குக் கொடுக்கும் தாளில் ஒரே தொகையைக் கேட்காதீர்கள். மூன்று விஷயம் கொடுங்கள்: பாதை இப்போது இருக்கும் நிலையிலேயே நிற்க எவ்வளவு, கொஞ்சம் முன்னேற எவ்வளவு, வெட்டினால் எந்தெந்த மைல்கல்லுக்கு இடையில் என்ன வேகக் கட்டுப்பாடு எந்த மாதத்தில் வரும். மூன்றாவதைத்தான் நிதிக்காரர் கவனமாக வாசிப்பார். அதில் மிகைப்படுத்தாதீர்கள். ஒரு தடவை பயமுறுத்தி அது நடக்காமல் போனால் அடுத்த ஆண்டு உங்கள் சொல் எடுபடாது. படம் வையுங்கள், மழையில் எடுத்தது.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எந்த வேலைக்கும் ஒதுக்காமல் அவசரத்துக்கு வைத்திருங்கள். மண்சரிவும் வெள்ளமும் திட்டம் பார்த்து வருவதில்லை. ஆனால் நம்முடைய நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, செலவாகாத காசு திரும்பிப் போய்விடும். அதனால் ஒக்டோபரிலேயே அந்தப் பங்குக்கு ஒரு மாற்றுப் பட்டியலைத் தயாராக வைத்து, விலைமனுவும் முடித்துவிடுங்கள். நவம்பர் மூன்றாம் வாரம் வரை அவசரம் எதுவும் வராவிட்டால் கையிருக்கும் மீதியில் பாதியைக் கல்லுக்குக் கொடுத்து, வேலை நடக்கப்போகும் ஸ்டேஷன் யார்டில் குவித்துவிடுங்கள். கல் கெட்டுப்போகாது, ஜனவரியில் லொறிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மற்றப் பாதியை டிசம்பர் நடு வரை தொடாதீர்கள், மழை இன்னும் முடிந்திருக்காது.